முப்பத்தோரு கிலோ சத்தம்

பதறாதீங்க ப்ரதர். லிஃப்ட் நின்னுதுன்னா விழப்போவுதுன்னு அர்த்தம் இல்ல. சும்மா நின்னுருக்கு. நாம ரெண்டு பேரும் நிக்கறோம், கூட அதுவும் நிக்குது. அவ்ளோதான்.

முதல்ல உங்களுக்கு ஒரு தேங்க்ஸ். கீழ அந்த நாலு படியில நீங்க மட்டும் அடியில கை குடுக்கலன்னா என் பெட்டி இன்னும் மீன் இறக்கற இடத்துலயே கெடந்திருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க தூக்கின விதம் சரியில்ல. இடுப்பை வளைச்சுத் தூக்கறீங்க. முட்டியை மடக்கணும். குணா அப்படித்தான் தூக்குவான். நான் மேல கைப்பிடியைப் பிடிச்சுக்குவேன், அவன் முட்டியை மடக்கி, அடியில ரெண்டு கையும் குடுத்து, மூச்சை இழுத்து... சரி விடுங்க. ஒரே நாள்ல வராது.

சட்டையில ஏழுமலைன்னு போட்டிருக்கு. லாண்டரியா? இதெல்லாம் மேஜை விரிப்பா? மேல உக்காந்தா திட்டுவாங்களோ? ஓரமா உக்காந்துக்கறேன். நீங்களும் உக்காருங்க. அந்த சிவப்பு பட்டனை அமுக்கியாச்சில்ல? அந்த ஆளு சொன்னதைக் கேட்டீங்களா. "சார்... இன்ஜினியரிங்... அஞ்ச்ச்சு நிமிஷம் சார்." வாயில பஜ்ஜி வெச்சுக்கிட்டுப் பேசறான். மூணாவது தடவையா அஞ்சு நிமிஷம் சொல்றான். அஞ்சு நிமிஷத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சு வெச்சு எடுத்துக் குடுக்கறான்.

மணி பன்னெண்டே கால். பன்னெண்டரைக்கு நான் மேல வாசிச்சாகணும். ஆமா, மூணாவது மாடி ஹால்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கிட்டார் சத்தம் கேக்குமே, அது நான்தான். ஆல்வின். பன்னெண்டு வருஷமா. பார்த்ததில்லயா? நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க? ஒம்போதா? சரி, நானும் உங்களைப் பார்த்ததில்ல. கணக்கு நேராயிடுச்சு.

வாசிக்கறவங்க, விருந்தாளிங்க போற லிஃப்ட்ல ஏறக் கூடாது. அது இந்த ஹோட்டல் சட்டம். மேல போய் கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்தா கைதட்டுவாங்க. ஆனா மேல போறது மீனோட, வெங்காயத்தோட, இன்னிக்கு உங்க விரிப்போட. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. மீன் யாரையும் குறை சொல்றதில்ல.

ஜாஸுன்னா என்னன்னு கேக்கறீங்களா? நல்ல கேள்வி. சாப்பிடறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம வாசிக்கணும். ஆனா நிறுத்தினா, என்னமோ குறையுதேன்னு தலையைத் தூக்கிப் பார்க்கணும். ஏசி மாதிரி. இப்போ இந்த லிஃப்ட்ல ஏசி நின்னதும் நாம தலையைத் தூக்கிப் பார்த்தோம் பாருங்க, அதேதான்.

என் கிட்டாரு இந்தப் பைக்குள்ள இருக்கு. தனியா வாசிச்சா கொசு பாடற மாதிரி இருக்கும். அந்தக் கொசுவை மனுஷனாக்கறது இந்தப் பெட்டி. ஆம்புன்னு சொல்லுவோம். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள்ள இருந்தா காம்போ. இது வால்வு காம்போ. உள்ள கண்ணாடி வால்வு எரியும், அந்தக் காலத்து ரேடியோவுல எரியுமே, அந்த மாதிரி. ஆன் பண்ணி ரெண்டு நிமிஷம் பொறுமையா உக்காரணும். சூடாகும். சூடானதும் ஒரு வாசனை வரும் பாருங்க, சுட்ட தூசி வாசனை, ஆஹா. அதுக்கப்புறம் ஒரே ஒரு சுரம் வாசிச்சா போதும். வெண்ணெய். உருண்டையா வந்து விழும்.

கனம் முப்பத்தோரு கிலோ. காய்கறி மண்டியில மூட்டை போடற தராசுல வெச்சுப் பார்த்தேன். தராசுக்காரன் "என்ன சார் இது, சேனைக்கெழங்கா"ன்னு கேட்டான்.

குணா யாருன்னு சொல்லலியே. குணசீலன். என்கூட பேஸ் கிட்டார் வாசிக்கறவன். இருபத்திரண்டு வருஷம் ப்ரதர். கல்யாண வரவேற்பு, க்ளப்பு, துபாய் போற கப்பல்ல நாலு மாசம், அப்புறம் இந்த ஹோட்டல். நான் ராகத்தை எங்க இழுத்துக்கிட்டு ஓடினாலும் அடியில அவன் இருப்பான். தரை மாதிரி. தரை இருக்குன்னு யாரும் சொல்றதில்லயே. பேசவும் மாட்டான். மாசத்துக்கு பத்து வார்த்தை பேசுவான், அதுல நாலு வார்த்தை "சரி மச்சான்".

அவனுக்குப் பெட்டி கிடையாது. ஹோட்டல் ஸ்பீக்கர்லயே சொருகிக்குவான். தோள்ல ஒரு பை, அவ்ளோதான். ரெண்டு கையும் சும்மா இருக்கும். எனக்கோ ஒரு கையில கிட்டாரு. அதனால ஒரு ஏற்பாடு. நான் மேல கைப்பிடி, அவன் அடியில. பாதிப் பாதி. இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள் கூட அந்தப் பெட்டி எனக்குக் கனமாவே தெரிஞ்சதில்ல, அதைச் சொல்லணும்.

இந்த பிப்ரவரியில அவனுக்கு ஹெர்னியா வந்துடுச்சு. என்னத்தையோ கனமாத் தூக்கி வந்ததாம். என்னத்தைத் தூக்கினான்னு தெரியல. வீட்ல சிலிண்டர் கிலிண்டர் தூக்கியிருப்பான்.

என்ன சிரிக்கறீங்க?

ஆபரேஷன் பண்ணாங்க. நான்தான் ஆஸ்பத்திரியில கூட இருந்தேன், சும்மா சொல்லக் கூடாது. டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனியில வெச்சுக்கிட்டு, "மிஸ்டர் குணசீலன், இனிமே ஒரு குடம் தண்ணிக்கு மேல எதையும் தூக்கக் கூடாது. எதையும். புரியுதா." நான் பணிவாத்தான் கேட்டேன். "டாக்டர், முழுசா இல்ல, பாதி. மறுபாதியை நான் தூக்குவேன்"னு. அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்து, "நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"னார். "நான் பெட்டியோட ஓனர் சார்"ன்னுட்டேன்.

அப்புறம் மெர்சி போன் பண்ணா. குணா சம்சாரம். அவ கோவமா பேசவே மாட்டா, அதான் கஷ்டம். "அண்ணா, சாப்ட்டீங்களா? காப்பி குடிச்சீங்களா? நல்லது. அண்ணா, அந்தப் பெட்டியை நீங்க கட்டிக்கிட்டு அழறீங்க, அது உங்க இஷ்டம். இவரை நான் கட்டியிருக்கேன்." டொக். வெச்சுட்டா. போனை வெக்கறது கூட மெதுவாத்தான் வெச்சா.

வாசிக்க வந்த முதல் ஞாயித்துக்கிழமை குணாவே சொன்னான். "மச்சான், சின்னதா ஒண்ணு பார்ப்போம்டா." அரை மாசத்துப் பேச்சை ஒரே மூச்சுல பேசிட்டான்.

சரின்னேன். நான் பிடிவாதக்காரன் இல்ல ப்ரதர். மூணு மாசம் தேடினேன். கனம் இல்லாத காம்போ வேணும்னா வால்வு கிடையாது, டிரான்சிஸ்டர்தான். ஆன் பண்ணதும் சத்தம் வந்துடும். சூடாகாது, வாசனை கிடையாது. ஜாஸுக்கு அதுதான் சரின்னு சொல்றவங்களும் இருக்காங்க. ராக் வாசிக்கறவனுக்குப் பெட்டி உறுமணும், எங்களுக்கு உறுமக் கூடாது, நாம குடுத்ததை அப்படியே திருப்பிக் குடுத்தாப் போதும், அதுக்கு டிரான்சிஸ்டர் சுத்தமா இருக்கும்னு. இதை எனக்குச் சொன்னது சாதிக்.

சாதிக் அந்தக் கடையில சேல்ஸ்மேன். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, தாடி. ஒரு வாக்கியத்துல நாலு சார் போடுவான். "சார் இது எட்டு கிலோ சார் ஒரு கையில தூக்கலாம் சார் நீங்களே பாருங்க சார்." அவன் பேசறப்போ நான் மனசுக்குள்ள சாரை எண்ணிக்கிட்டிருப்பேன், விஷயம் போயிடும்.

அஞ்சு பெட்டி பார்த்தேன். முதல் பெட்டியில ஸ்பீக்கரு ரொம்பச் சின்னது, பிஸ்கட் டின்னுக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருந்துச்சு. வேண்டாம்னேன். ரெண்டாவதுல நூறு விதமான சத்தம் வருமாம். "சார் இதுல குகைக்குள்ள வாசிக்கற மாதிரி கூட வரும் சார்." நான் எதுக்குடா குகைக்குள்ள போய் வாசிக்கப் போறேன்? எனக்கு ஒரே ஒரு சத்தம் போதும். மூணாவதுல ஒரு 'ஙொய்ய்'. சும்மா இருக்கும்போதே 'ஙொய்ய்'. கழிச்சேன். அப்புறம் பார்த்தா அந்தச் சத்தம் கடை டியூப்லைட்ல இருந்து வருது. ஆனா கழிச்சது கழிச்சதுதான், அதையெல்லாம் திரும்ப எடுக்க முடியாது. நாலாவது நல்லா இருந்துச்சு, நிறம் சரியில்ல. மஞ்சளுக்கும் சிமெண்டுக்கும் நடுவுல ஒண்ணு.

அஞ்சாவது. கருப்பு. எட்டு கிலோ. பத்து இஞ்ச் ஸ்பீக்கர். திருகறதுக்கு நாலே நாலு குமிழ். என் கிட்டாரைச் சொருகி, எப்பவும் வாசிச்சுப் பார்ப்பேன் ஒரு நாலு வரி, அதை வாசிச்சேன்.

குறை ஒண்ணும் தெரியல.

அதுதான் எனக்குச் சந்தேகம். குறையே தெரியலன்னா என்னமோ மறைக்குதுன்னு அர்த்தம். சாதிக் சொன்னான், "சார் கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க சார், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம் சார், எது எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்." கண்ணை மூடறதெல்லாம் முடியாது, இந்த வயசுல நான் பரீட்சை எழுத மாட்டேன். ஆனா பக்கத்துல வெச்சுப் பார்க்கறது நல்ல யோசனையாப் பட்டுச்சு. வீட்ல ஒண்ணு, கடையில ஒண்ணு இருந்தா எப்படி ஒப்பிடறது? ஒரே அறையில இருந்தாத்தானே நியாயம்? நீங்களே சொல்லுங்க.

அதனால அடுத்த சனிக்கிழமை என் பெட்டியைக் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனோம்.

ஆமா. போனோம். நானும் குணாவும்.

அப்படிப் பார்க்காதீங்க. தையல் பிரிச்சு அஞ்சு மாசம் ஆயிடுச்சு. அதுவும் எதுக்குப் போறோம்? கனம் இல்லாத பெட்டி வாங்க. அவன் நல்லதுக்குத்தானே போறோம். கடை ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இருந்தா மட்டும் என்ன, இதோ இது மாதிரி நின்னிருக்கும். கீழ நின்னு "மச்சான், மெதுவாப் போவோம்"னேன். "சரி மச்சான்"னான். நான் கைப்பிடி, அவன் அடியில. முதல் திருப்பம் வரைக்கும் வந்தோம். பெட்டியைக் கீழ வெச்சான். வெச்சுட்டு அதுமேலயே உக்காந்துட்டான். மூஞ்சி வெள்ளைத்தாள் மாதிரி ஆயிடுச்சு. வேர்வை. "என்னடா"ன்னேன். கையை மட்டும் காட்டினான், இருன்னு.

நான் அவனை ஒண்ணும் சொல்லல. பெட்டி மேல உக்காராதடா, மேல் துணி கிழிஞ்சிடும்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். அவ்ளோதான்.

சாதிக் மேல இருந்து எட்டிப் பார்த்தான். இறங்கி வந்தான். சார் ஒண்ணும் போடல அன்னிக்கு. குணாவைக் கைத்தாங்கலா எழுப்பி, சுவத்துல சாய்ச்சு உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அப்புறம் பெட்டியைத் தனியாளாத் தூக்கிக்கிட்டுப் போனான். ஒல்லியா இருக்கான், ஆனா முட்டியை மடக்கித்தான் தூக்கினான், அதைக் கவனிச்சேன்.

மேல போனதும் எனக்கு ஆட்டோக்காரன் ஞாபகம். கீழ நிக்க வெச்சிருந்தேன், வெயிட்டிங்ல கத்திக்கிட்டிருந்தான். அவனைச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டுத் திரும்ப வர்றதுக்குக் கால்மணி நேரம். படி ஏறும்போதே சத்தம் கேக்குது. உள்ள குணா கடையில இருந்த பேஸ் ஒண்ணை எடுத்து மடியில வெச்சிருக்கான், எதிர்ல சாதிக் கிட்டாரு, அந்த எட்டு கிலோ பெட்டியில. ரெண்டு பேரும் வாசிக்கறாங்க. என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டாங்க. இஸ்கூல்ல வாத்தியார் உள்ள வந்த மாதிரி.

குணா சொன்னான், "இதை எடுத்துக்கோடா. எனக்காக."

எனக்காகன்னா என்ன அர்த்தம், பாருங்க. சத்தத்துல என்ன எனக்காக, உனக்காக? நல்லா இருக்கா இல்லயா, அதுதானே பேச்சு. அதுவும் அன்னிக்கு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்ல. என் பெட்டி படியில குலுங்கினதுல ஒரு வால்வு எரியல. ஒரு வால்வு எரியாதப்போ எப்படி ஒப்பிடறது? "யோசிச்சு சொல்றேன்"னேன்.

திரும்பக் கீழ இறக்கினதும் சாதிக்தான். நானும் ஒரு கை குடுத்திருப்பேன், கையில கிட்டாரு இருந்துச்சு.

அது ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. அன்னில இருந்து குணா போன் எடுக்கல. ரெண்டு ஞாயித்துக்கிழமை அவன் இல்லாம நான் தனியா வாசிச்சேன். பெட்டியை யார் தூக்கினதா? வாட்ச்மேன் ஒரு வாரம். பூ அலங்காரம் பண்றவர் ஒரு வாரம். தாரிணி மேடம் இருக்காங்கல்ல, ஹால் மேனேஜர், அவங்க கூப்பிட்டு, "ஆல்வின் சார், கெஸ்ட்டெல்லாம் கேக்கறாங்க, சவுண்டு ஏன் காலியா இருக்குன்னு. இந்த ஞாயித்துக்கிழமை ஜிஎம் வர்றாரு. நீங்க ரெண்டு பேரும் வேணும். இல்லன்னா வேற பார்த்துக்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. இந்த ஹோட்டல்ல எல்லாரும் எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க.

குணாவுக்கு மெசேஜ் போட்டேன். இருபத்திரண்டு வருஷம், வந்துடு மச்சான்னு. நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. இருங்க, காட்டறேன். டவர் இல்ல, ஆனா பழசு தெரியும். இந்தா பாருங்க. "சின்னப் பெட்டியோட வந்தா வாசிக்கலாம். இல்லன்னா நான் உன்கூட வாசிக்கறதா இல்ல." முற்றுப்புள்ளி வெச்சிருக்கான் பாருங்க. அவன் முற்றுப்புள்ளியே வெக்க மாட்டான்.

இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடல ப்ரதர். பொய் சொல்லல. அவன் இல்லன்னா நான் கொசுதான். ஆம்பு இருந்தாலும் கொசுதான்.

அப்புறம் யோசிச்சேன். அவனுக்குப் பிரச்சனை என்ன? கனம். பெட்டியா பிரச்சனை? இல்ல. கனம்தான். கனத்தை எடுத்துட்டா? அதான் இந்தச் சக்கரம் வெச்ச தள்ளுவண்டி. பாருங்க, நாலு சக்கரம், ரப்பர். ஒரு விரலால தள்ளலாம். இப்போ இது எத்தனை கிலோ? சைபர். எட்டு கிலோவை விடக் கம்மி. வால்வும் இருக்கு, கனமும் இல்ல. இதை மேல போய் அவன்கிட்ட காட்டணும், அவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பார்க்கணும், அதுக்குத்தான் காலையில இருந்து அவசரப்பட்டுக்கிட்டிருக்கேன்.

படியா? படி எங்க இருக்கு? கீழ நாலு. மேல மேடைக்கு ரெண்டு. மொத்தமே ஆறு படி. ஆறு படிக்கு ஒரு மனுஷன் குனிய மாட்டானா?

நீங்க குனிஞ்சீங்கல்ல. நமக்கு என்ன பழக்கம்? ஒண்ணும் கிடையாது. நீங்களே குனிஞ்சீங்க.

உஷ். ஒரு நிமிஷம்.

கேக்குதா? தலைக்கு மேல. ஹாலுக்கு நேர் கீழதான் நிக்கறோம் போல. டும்... டும்... பேஸ். வந்துட்டான். பார்த்தீங்களா, நான் சொன்னேனா இல்லயா. முற்றுப்புள்ளி எல்லாம் சும்மா. தாரிணி மேடம் பக்கத்துல நின்னு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருப்பாங்க. இவன் ஸ்டூல்ல உக்காந்து தந்தியை முறுக்கிக்கிட்டு, எங்க காணோம் இந்த ஆல்வினைன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருப்பான். எனக்காகக் காத்திருக்கான் ப்ரதர். அந்த பஜ்ஜிக்காரனை இன்னொரு தடவை கூப்பிடுங்க. ஒரு மனுஷன் மேல காத்திருக்கான்னு சொல்லுங்க.

"அஞ்ச்ச்சு நிமிஷம் சார்."

இருங்க, இருங்க. இது என்ன?

கிட்டாரு.

இல்ல, ரெக்கார்டு இல்ல. ரெக்கார்டுன்னா எனக்குத் தெரியும். யாரோ நிஜமா வாசிக்கறாங்க. யாராவது மைக் செக் பண்றாங்களா இருக்கும். ஆமா, தாரிணி மேடம் எனக்காக ஒரு ஆம்பு வாடகைக்கு எடுத்து வெச்சிருக்காங்க. நான் வர்ற கஷ்டத்தைப் பார்த்துட்டு. சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் மனசு இருக்கு பாருங்க.

அந்த சத்தத்தைக் கேளுங்க ப்ரதர். நல்லாக் கேளுங்க. இவ்வளவு நேரம் உங்களுக்கு வாயால சொல்லிக்கிட்டிருந்தேனே, இதுதான் அது. உருண்டையா வருதா? ஓரம் தேய்ச்ச மாதிரி வருதா? வெண்ணெய். இது வால்வு. நல்ல வால்வு, நல்லா சூடாகியிருக்கு. டிரான்சிஸ்டர் தலைகீழா நின்னாலும் இந்தச் சத்தம் வராது. இதுக்குத்தான் ப்ரதர், இதுக்குத்தான் இருபத்திரண்டு வருஷமா இந்த முப்பத்தோரு கிலோ. என் காது பொய் சொல்லாது. எத்தனை சுவரு குறுக்க இருந்தாலும் சொல்லுவேன்.

என்ன?

காலையிலயா? இதே லிஃப்ட்லயா?

நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போனீங்களா. தாடி வெச்சவரா. ஒல்லியா. முதுகுல கிட்டாரு. சரி.

கையில என்ன பெட்டி? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. கருப்பா. எவ்ளோ பெருசு? இவ்ளோதானா. ஒரு கையிலயா தூக்கிக்கிட்டு வந்தார்? இன்னொரு கையில?

டிபன் பை.

கூட இன்னொருத்தர் வந்தாரா? பேசவே இல்லையா அவர்? வெறும் தோள்ல பையோட. கையை வீசிக்கிட்டு.

சரி.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். நீங்க உக்காருங்க.

லிஃப்டு குழிக்குள்ள சத்தம் இறங்கி வரும்போது கொஞ்சம் மாறும். இரும்பு, கம்பி, கிரீஸு. அந்த... அதனால ஒரு மாதிரி சூடாக் கேக்கும். அது ஒரு காரணம். இல்லன்னா நான் அப்படி... சாதிக் நல்லாத்தான் வாசிக்கறான். கடையில வாசிக்கும்போது எனக்குத் தெரியல. ஆட்டோக்காரன் கத்தின கத்துல தெரியல.

நிறுத்திட்டானா? இல்ல, கிட்டாருதான் நின்னிருக்கு. பேஸு போகுது.

இது என்னது. ப்ரதர், குணா சோலோ வாசிக்கறான்.

சோலோன்னா தனியா. மத்தவன் ஒதுங்கிக்கிட்டு வழி விடுவான், ஒருத்தன் மட்டும் வாசிப்பான். இருபத்திரண்டு வருஷத்துல குணா சோலோ வாசிச்சு நான் கேட்டதில்ல. அவனுக்கு வராதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அவன் கேட்டதும் இல்ல. கேட்டிருந்தா நான் விட்டிருப்பேன். விட்டிருப்பேனா இருக்கும். பாருங்க, மேல ஏறிப் போறான். அந்தச் சுரத்துல நிக்கறான். அடேயப்பா. பேசாத பயல் என்னென்ன பேசறான் பாருங்க.

கைதட்டறாங்க. சாப்பிடற கையால தட்டறாங்க.

யாரு? ஆ, வந்துட்டாங்களா. கதவு மேல திறக்குதே. என்னப்பா, லிஃப்டு இவ்ளோதான் ஏறுமா? பாதி சுவரா இருக்கே. பஜ்ஜிக்காரரே, நீங்களா. குரலை விட ஆளு இளைச்சு இருக்கீங்க. என்ன சொல்றீங்க?

ஆள் மட்டும் ஏறலாம். பெட்டி வராது.

கிட்டாரைக் குடுத்தா வாங்கிக்குவாரு. பெட்டியை இப்போ தூக்க முடியாது. லிஃப்டு சரியானப்புறம், சாயங்காலமோ நாளைக்கோ. அதுவரைக்கும் உள்ளயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. ஆமாமா. யாரு எடுப்பாங்க.

நீங்க முதல்ல ஏறுங்க ஏழுமலை. உங்களுக்கு டூட்டி இருக்கு. காலை அந்தக் கம்பியில வெச்சு, ஆங், அவரு கையைப் பிடிச்சுக்கங்க. அப்படித்தான். விரிப்பெல்லாம் நான் பார்த்துக்கறேன்.

எனக்கென்ன, ஏறி வரலாம். நாலு தப்படியில ஹாலு. கிட்டாரு மட்டும் கையில எடுத்துக்கிட்டுப் போய் நிக்கலாம். ஆனா அவங்க அடுத்த பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதா. ஒரு பாட்டு போயிக்கிட்டிருக்கும்போது நடுவுல போய் நிக்கக் கூடாது. எங்க தொழில்ல அது ஒரு மரியாதை.

இல்ல சார், கையை எடுத்துக்கங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. காத்து வருது. சத்தமும் இப்போ நல்லா வருது. நீங்க கதவை மட்டும் அப்படியே வெச்சுட்டுப் போங்க.

ஏழுமலை, மேல யாராவது கேட்டா, இந்தப் பாட்டு முடிஞ்சதும் வருவாருன்னு சொல்லுங்க.

யாராவது கேட்டா மட்டும் போதும்.